மறைகுறிப்பும் அதன் விளக்கமும்: தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் எழுத்தலகுச் சிக்கல்

1. முன்னுரை

குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்புகள் இருவகைப்படும். விடையின் பொருளை மட்டும் கூறுவது நேர்க்குறிப்பு. பொருளைக் கூறுவதோடு, விடையின் எழுத்துகளைப் பெறும் வழியையும் அதே தொடருக்குள் மறைத்துக் கூறுவது மறைகுறிப்பு. தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் பெரும்பாலும் காணப்படுவது முதல் வகையே. இரண்டாம் வகை ஆங்கில நாளிதழ்களின் வழியாக இந்தியாவில் அறிமுகமாயிற்று. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ் இவ்வகைப் புதிரை நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. தமிழிலும் 'தென்றல்' மாத இதழ் போன்றவற்றில் இத்தகைய புதிர்கள் வந்துள்ளன.

இவ்விரு வகைக்கும் இடையிலான வேறுபாடு பொழுதுபோக்கின் தரம் பற்றியது மட்டுமன்று. 'நீரில் பூக்கும் மலர் (3)' என்னும் நேர்க்குறிப்புக்குத் தாமரை, குவளை, அல்லி ஆகிய மூன்றும் பொருந்தும். மூன்றும் மூன்றெழுத்துச் சொற்களே. குறுக்கே வரும் சொல் துணை செய்யாவிடில், இவற்றுள் எது விடை என்பதை அறிவால் துணிய இயலாது, ஊகிக்கவே இயலும். இதற்கு மாறாக, பின்வரும் மறைகுறிப்பைக் காணலாம்.

(அ) சீதா மரையிடம் மறைத்து வைத்த மலர் (3)

'சீதா மரையிடம்' என்னும் எழுத்துத் தொடர் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் மலர், தாமரை. இங்குக் குவளைக்கும் அல்லிக்கும் இடமில்லை. குறுக்கெழுத்தின் துணையின்றியே விடை உறுதியாகிறது. குறிப்பே விடையைச் சரிபார்க்கும் சான்றாகவும் அமைகிறது.

பொருந்தக்கூடிய பல சொற்களுள் அமைப்பாளர் முன்னரே தேர்ந்து வைத்த ஒன்றே சரியான விடை எனக் கொள்ளும் பரிசுப் போட்டிகள் ஒருகாலத்தில் இந்தியாவெங்கும் பரவியிருந்தன. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிச் சட்டம் குறுக்கெழுத்துப் போட்டியையும் தன் வரையறைக்குள் பெயர் கூறியே சேர்த்தது. திறமையைப் பெரிதும் சார்ந்த போட்டி வேறு, தற்செயலைச் சார்ந்த போட்டி வேறு என்றும், அச்சட்டம் பின்னதையே கட்டுப்படுத்தும் என்றும் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் எழுப்பிய இவ்வினா மொழியியலுக்கும் உரியதே. ஒரு குறிப்பு தன் விடையைத் தானே மெய்ப்பிக்கிறதா, அன்றி அமைப்பாளரின் சொல்லை நம்பச் செய்கிறதா என்பதே அவ்வினா. தமிழ் மறைகுறிப்புகளை இவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. எடுத்துக்காட்டுக் குறிப்புகள் யாவும் இவ்வாய்வுக்கென அமைக்கப்பட்டவை.

2. ஆங்கில மரபின் விதிகள்

ஆர்தர் வின் அமைத்த முதல் சொற்கட்டப் புதிர் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் 1913 டிசம்பர் 21 அன்று வெளிவந்தது. அது நேர்க்குறிப்புகளால் ஆனது. மறைகுறிப்பு இங்கிலாந்தில் வளர்ந்தது. எட்வர்டு போவிஸ் மாதர்ஸ் என்பவர் டார்க்குமாடா என்னும் புனைபெயரில் 1926 முதல் 1939 வரை 'அப்சர்வர்' இதழில் அமைத்த புதிர்கள் இதனை ஒரு கலையாக்கின. அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற டெரிக் சாமர்செட் மெக்நட், சிமினீஸ் என்னும் புனைபெயரில் 1971 வரை புதிர் அமைத்தார். 1966இல் வெளிவந்த நூலில் மறைகுறிப்புக்குரிய விதிகளை அவர் வகுத்துக் கூறினார்.

அவ்விதிகளின் சாரத்தை மூன்றாகச் சுருக்கலாம். விடையின் பொருளைத் துல்லியமாகக் கூறும் ஒரு பகுதி வேண்டும். விடையின் எழுத்துகளை நேர்மையான முறையில் பெறச் செய்யும் ஒரு பகுதி வேண்டும். இவ்விரண்டினும் சேராத சொல் எதுவும் குறிப்பில் இடம்பெறலாகாது. முதற்பகுதியைப் பொருட்பகுதி என்றும், இரண்டாவதைச் சொற்பகுதி என்றும், எழுத்துகளின் மீது செய்ய வேண்டிய செயலை உணர்த்தும் சொல்லைக் குறிகாட்டி என்றும் இங்கு வழங்கலாம். மேற்காட்டிய (அ) குறிப்பில் 'மலர்' பொருட்பகுதி. 'சீதா மரையிடம்' சொற்பகுதிக்குரிய மூலம். 'மறைத்து வைத்த' குறிகாட்டி. எஞ்சும் சொல் இல்லை.

இம்மூன்று விதிகளும் எம்மொழிக்கும் பொருந்துவன. ஆயின் ஆங்கிலப் புதிராளர் கூறாமலே ஏற்றுக்கொண்ட நான்காவது விதி ஒன்று உண்டு. எழுத்து என்பது இருபத்தாறு வரிவடிவங்களுள் ஒன்று என்பதே அது. ஆங்கிலத்தில் 'கேள்' எனப் பொருள்படும் 'லிசன்', 'அமைதியான' எனப் பொருள்படும் 'சைலன்ட்' ஆகிய இரு சொற்களும் ஒரே ஆறு எழுத்துகளால் ஆனவை. ஒலிப்பில் இவ்வொற்றுமை புலப்படுவதில்லை. எழுத்தும் ஒலியும் தம்முள் விலகி நிற்பதே ஆங்கில மறைகுறிப்பின் மூலதனம். தமிழில் எழுத்து ஒலியை ஒட்டியே செல்கிறது. ஆனால் கட்டத்தை நிரப்பும் அலகு பெரும்பாலும் அசையளவில் அமைந்த உயிர்மெய். எனவே இந்த நான்காவது விதியை அப்படியே கொண்டுவர இயலாது.

3. தமிழ் மரபில் ஒப்புமையும் அதன் எல்லையும்

தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் கூறும் சித்திரகவி வகைகள் பன்னிரண்டனுள் சில, மறைகுறிப்பின் செயல்முறைகளோடு நெருங்கிய ஒப்புமை உடையன. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி வெவ்வேறு பொருள் பெறுவது அக்கரச்சுதகம். கவிதை, விதை, தை என்னும் வரிசை இதற்கு எளிய சான்று. எழுத்தைக் கூட்டிப் பொருள் பெறுவது எழுத்து வருத்தனம். இருமுனையிலிருந்தும் ஒன்றுபோலப் படிக்கப்படுவது மாலைமாற்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுள் இன்னொரு செய்யுளை மறைப்பது கரந்துறைச் செய்யுள். பல வினாக்களின் விடைகளை இணைத்துக் கடைசி வினாவின் விடையாக்குவது வினாவுத்தரம். சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை எனப் பகுக்கும் முறையும் இங்குக் கருதத்தக்கது. (அ) குறிப்பில் தாமரை பெறப்படுவது பிரிமொழியால். பின்வரும் குறிப்போ செம்மொழியால் அமைவது.

(ஆ) பொழுது சாய்கையில் தோளில் விழுவது (2)

விடை: மாலை. 'பொழுது சாய்கை' ஒரு பொருள். 'தோளில் விழுவது' மற்றொரு பொருள். எனினும் 'இல்' உருபு இங்கு மிகையாக நிற்பதைக் குறிப்பிட வேண்டும். 'பொழுது சாய்கை தோளில் விழுவது' என்பதே விதிக்கு முற்றும் இயைந்தது. ஆயின் தொடரின் இயல்பு கெடுகிறது. மேற்பொருளின் இயல்புக்கும் விதியின் கண்டிப்புக்கும் இடையே தமிழ்ப் புதிராளர் அடிக்கடி எதிர்கொள்ளும் முரண் இது.

இவ்வொப்புமையைக் கொண்டு குறுக்கெழுத்துப் புதிர் தமிழில் முன்பே இருந்தது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. சித்திரகவியில் கட்டமும், ஒரு விடை மற்றொரு விடையை உறுதி செய்யும் குறுக்கமைப்பும் இல்லை. சிலேடையில் இரு பொருளும் இறுதிவரை வாழ்கின்றன. காளமேகப் புலவரின் சிலேடைகளில் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொள்வது பிழையாகும். மறைகுறிப்பிலோ மேற்பொருள் ஒரு திரை மட்டுமே. விடை கிடைத்ததும் அது நீங்குகிறது. சீதையும் மரையும் மறைந்து தாமரை மட்டும் எஞ்சுகிறது. ஆகவே ஒப்புமையின் பயன் பழம்பெருமை பேசுவதில் இல்லை. எழுத்து விளையாட்டுக்குரிய அலகையும் இணைப்பு விதியையும் தமிழ் மரபு எவ்வாறு கொண்டது என்பதை அறிவதிலேயே உள்ளது.

4. எழுத்தலகு: வரிவடிவமா, ஒலியா?

தொல்காப்பியம் முதலெழுத்தாகக் கொள்வன உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆகிய முப்பது. நன்னூல் உயிர்மெய்யைச் சார்பெழுத்துகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பள்ளிக் கல்வியில் 247 எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. இவ்வாறு, 'க' என்பது ஓரெழுத்து என்பதும் 'க்+அ' என்னும் ஈரெழுத்து என்பதும் தமிழ் இலக்கண மரபில் ஒருங்கே இடம்பெறுகின்றன. நேர்க்குறிப்பில் இதனால் சிக்கல் எழுவதில்லை. மறைகுறிப்பில் இதுவே தலையாய சிக்கலாகிறது.

'பகல்' என்னும் சொல்லின் முதலெழுத்தை நீக்க வேண்டும் எனக் கொள்வோர், வரிவடிவத்தை அலகாகக் கொண்டால் 'கல்' எனப் பெறுவர். ஒலியை அலகாகக் கொண்டால் ப் மட்டும் நீங்கி 'அகல்' எனப் பெறுவர். இரண்டும் பொருளுடைய சொற்கள். எது விடை என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கை காட்டிவிடும் என வாதிடலாம். ஆனால் எண்ணிக்கை என்பது விடையைச் சரிபார்ப்பதற்கு உரியது. விடையைப் பெறும் வழியைக் கூறுவதற்கு உரியதன்று. வழியைக் குறிப்பே கூற வேண்டும். அதற்குரிய சொற்கள் தமிழிலேயே உள்ளன.

(இ) தலையிழந்த பகல் சிற்பி தேடுவது (2)

(ஈ) முதலில் மெய்மறந்த பகல் ஒரு விளக்கு (3)

(இ) குறிப்பில் தலை என்பது சொல்லின் முதற்கட்டம், விடை கல். (ஈ) குறிப்பில் மெய் என்பது மெய்யெழுத்து. முதலில் உள்ள மெய்யை மறந்த பகல், அகல். உயிர், மெய், ஒற்று, புள்ளி, தலை, கடை முதலிய சொற்கள் உடல் பற்றியும் எழுத்து பற்றியும் ஒருங்கே பேசுவன. தமிழ் இலக்கணக் கலைச்சொற்களின் இவ்விருமை தமிழ்ப் புதிராளருக்கே வாய்த்த வளமாகும். அதனைப் பயன்படுத்தாமல், 'தலையிழந்த' என்று கூறிவிட்டு மெய்யை மட்டும் நீக்குமாறு எதிர்பார்ப்பது முறையற்ற குறிப்பாகும்.

எழுத்தலகு பெரிதாக இருப்பதன் விளைவு வேறு இரு செயல்முறைகளிலும் தெரிகிறது. முதலாவது எழுத்துக் கலைப்பு. இருபத்தாறு அலகுகள் உள்ள மொழியில் ஒரே எழுத்துகளால் ஆன வேறு சொல்லைக் காண்பது எளிது; இருநூற்றுக்கு மேற்பட்ட அலகுகள் உள்ள எழுத்துமுறையில் அது அரிது. கிடைக்கும்போது மிகச் சிறப்பாக அமைவதும் உண்டு.

(உ) சீர்குலைந்த நகரம் பாவிகள் சேருமிடம் (4)

'நகரம்' என்பதன் எழுத்துகள் குலைந்து 'நரகம்' ஆகின்றன. இங்கு ஒலியலகைக் கொண்டாலும் வரிவடிவ அலகைக் கொண்டாலும் விடை மாறுவதில்லை. இத்தகைய குறிப்புக்கு எதிராக எவ்வகை வாதமும் எழ இயலாது.

இரண்டாவது, தலைகீழாக்கம். தமிழில் புள்ளியெழுத்து மொழிக்கு முதலில் வருவதில்லை. ர, ல, ட, ற, ன, ண, ழ, ள ஆகியவையும் பழைய இலக்கண முறைப்படி மொழிமுதலாவதில்லை. எனவே புள்ளியில் முடியும் பெருந்தொகையான பெயர்ச்சொற்களை வரிவடிவ அலகில் தலைகீழாக்க இயலாது. உயிர்மெய்யில் முடிவனவற்றுள்ளும் பல விலக்கப்படுகின்றன. 'கலை' தலைகீழாகிச் சொல்லாவதில்லை. எஞ்சும் சிலவற்றுள் சித்தர் மரபில் பயின்ற இணை ஒன்று குறிப்பிடத்தக்கது.

(ஊ) திருப்பி வாசி, கயிலைநாதனை அழைக்க (2)

'வாசி' திருப்பப்பட்டுச் 'சிவா' என விளியாகிறது. 'வாசி' என்னும் சொல் மேற்பொருளில் ஏவல் வினை. உட்பொருளில் எழுத்து மூலம். ஒரே சொல் ஆணை போலத் தோன்றிப் பொருளாக நிற்பது இக்குறிப்பின் சிறப்பு. பொருட்பகுதி விளியைக் கூறுவதால் விடையும் விளிவடிவில் அமைகிறது. இலக்கண வகை ஒத்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் இதனால் நிறைவேறுகிறது.

எழுத்தலகுச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகளைக் கொண்ட இந்திய மொழிகள் அனைத்துக்கும் இது பொது. 'பக்தி' என்பது தேவநாகரியில் கூட்டெழுத்துடன் கூடிய இரண்டு அட்சரம்; தமிழில் மூன்று எழுத்து. மெய்யைப் புள்ளியிட்டுத் தனித்து எழுதும் தமிழில், மறைத்தலுக்கும் கலைத்தலுக்கும் கூடுதலான இடம் கிடைக்கிறது.

5. புணர்ச்சியால் இணையும் விடைகள்

சிறு சொற்களை அடுக்கிப் பெருஞ்சொல் ஆக்குவது மறைகுறிப்பின் பெருவழக்கு. ஆங்கிலத்தில் இவ்வடுக்கு எழுத்துக்கூட்டல் மட்டுமே. சேர்க்கப்படும் எழுத்துகளின் தொகை மாறாது. தமிழில் சொற்கள் அடுத்து நின்றால் புணர்கின்றன. புணர்ச்சியை ஏற்பதா, விலக்குவதா என்பது அடுத்த வினா.

தண்டியலங்காரத்தில் வினாவுத்தரத்துக்குக் காட்டப்படும் விடை 'திருவேகம்பம்'. திரு, ஏகு, அம்பு, அம் என்னும் நான்கு தனி விடைகள் இணைந்து அது உருவாகிறது. தனித்தனியே எண்ணினால் ஒன்பது எழுத்து, இணைந்தபின் ஏழு. இடையே உடம்படுமெய் தோன்றி ஏகாரத்தோடு சேர்கிறது. இரு குற்றியலுகரங்கள் கெடுகின்றன. ஆகவே பழைய மரபு அடுக்கை எழுத்துக்கூட்டலாகக் கொள்ளவில்லை; புணர்ச்சியாகவே கொண்டது. தமிழ் மறைகுறிப்புக்கு இதுவே தக்க முன்னோடி எனலாம். பின்வருவது இம்முறையில் அமைந்தது.

(எ) தேடு மனம் அரங்கில் காண்பது (4)

நாடு (தேடு) என்பதும் அகம் (மனம்) என்பதும் புணர்ந்து நாடகம் ஆகின்றன. 'தேடு மனம்' மேற்பொருளில் வினைத்தொகை. உட்பொருளிலும் 'நாடு அகம்' வினைத்தொகையாகவே புணர்கிறது. டுகரத்தின் உகரம் கெட, எஞ்சிய மெய்யில் அகரம் ஏறுகிறது. இலக்கணத்துக்கு மாறான எதுவும் நிகழவில்லை.

இதே விடைக்கு 'தேசத்தின் உள்ளே நடிக்கப்படுவது' என ஒருவர் குறிப்பு அமைத்தால், அது ஏற்கத்தக்கதாகாது. நாட்டினது அகம் என்னும் வேற்றுமைப் பொருளில் நெடிற்றொடர்க் குற்றியலுகரத்தின் டகரம் இரட்டித்து 'நாட்டகம்' என்றே ஆகும் என்பது நன்னூல் விதி. நாடு, அகம் என்னும் இரு சொற்களும் இரு குறிப்புகளிலும் ஒன்றே, விளைவு வேறு. புணர்ச்சியை ஏற்பின் அதன் விதிகளையும் ஏற்க வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று. புணர்ச்சியை அறவே விலக்கி எழுத்துக்கூட்டலை மட்டும் கொள்வோர் 'நாடகம்' என்பதற்கு இவ்வழியில் குறிப்பு அமைக்க இயலாது. அவர்கள் விதி கண்டிப்பானது எனினும் மொழியின் இயல்பைப் புறக்கணிப்பது.

அடுக்கு முறையில் அடிக்கடி காணும் மற்றொரு குறை, சொல்லின் இயல்பான உருபன் எல்லையிலேயே பிரிப்பது. 'தலைவலி' என்பதற்குத் தலை எனவும் வலி எனவும் தனித்தனியே குறிப்புக் கூறினால், அங்கு மறைப்பு என எதுவும் இல்லை. சொல்லின் பொருளே இருமுறை கூறப்படுகிறது. பிரிக்கும் இடம் உருபன் எல்லையோடு பொருந்தாதபோதே பிரிமொழி சிறக்கிறது.

6. உருபேற்ற மூலச்சொல்

தமிழ் ஒட்டுநிலை மொழி. தொடருள் வரும் பெயர் உருபேற்று வருவதே இயல்பு. இதனால் ஆங்கிலப் புதிராளர் அறியாத ஒரு சிக்கல் எழுகிறது. எழுத்துகளைத் தர வேண்டிய மூலச்சொல் உருபோடு வரலாமா?

(ஏ) கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)

'கலை' என்பதனுள் கால் என்னும் பின்னத்தின் தமிழ்க் குறியாகிய 'வ' வைக்கப்பட, 'கவலை' கிடைக்கிறது. 'கலைக்குள்' என உருபேற்ற போதும் 'கலை' தன் எழுத்துகள் குறையாமல் நிற்கிறது. படிப்பவர் அதனை அப்படியே பிரித்தெடுக்கலாம். மாறாக, (உ) குறிப்பை 'நகரத்தைக் குலைத்தால் பாவிகள் சேருமிடம்' என அமைத்தால், 'நகரம்' என்பதன் மகரமெய் அங்கு இல்லை. அத்துச் சாரியையே உள்ளது. இல்லாத எழுத்தைக் குலைக்குமாறு கூறுவது நேர்மையன்று.

எனவே எழுத்துகளை நேரே தரும் மூலச்சொல், உருபேற்றாலும் ஏலாவிட்டாலும், தன் எழுத்துகள் திரியாமல் குறிப்பில் நிற்க வேண்டும் என விதி செய்யலாம். பொருளால் வேறொரு சொல்லைக் குறிக்கும் சொல்லுக்கு இக்கட்டுப்பாடு தேவையில்லை. அதன் எழுத்துகள் விடையில் புகுவதில்லை.

தொடரமைப்பு தமிழ்ப் புதிராளருக்குச் செய்யும் உதவியும் உண்டு. பெயரைப் பயனிலையாகக் கொள்ளும் தமிழ்த் தொடருக்கு இணைப்பு வினை தேவையில்லை. 'சீர்குலைந்த நகரம் பாவிகள் சேருமிடம்' என்பதில் சொற்பகுதியும் பொருட்பகுதியும் எழுவாயும் பயனிலையுமாய் இடைச்சொல்லின்றி இணைகின்றன. 'மிகைச்சொல் கூடாது' என்னும் விதியைத் தமிழ்த் தொடர் இவ்வகையில் எளிதாகவே நிறைவேற்றுகிறது.

7. குறியீடுகளும் சொற்களஞ்சியமும்

ஆங்கிலப் புதிரில் ஓரெழுத்தைப் பெறுவதற்கு உரோமானிய எண்களும் சுருக்கக் குறியீடுகளும் பயன்படுகின்றன. தமிழில் இப்பணிக்குத் தமிழ் எண்களும் ஏழு சுரங்களும் உள்ளன. ஔவையார் கம்பரை நோக்கிப் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் எட்டையும் காலையும் கூறி, அவற்றின் குறிகளாகிய அ, வ என்பவற்றால் 'அவலட்சணம்' என வசையை உணர்த்துகிறது. (ஏ) குறிப்பு இவ்வழக்கையே பின்பற்றுகிறது. சுரத்தைக் கொண்டு அமைவது பின்வருவது.

(ஐ) சுரத்துக்குப் பின் வந்த பிரபு பாண்டியர் தலைநகர் (3)

சுரம் 'ம', பிரபு துரை, விடை மதுரை. மேற்பொருளில் சுரம் நோயாகவோ பாலைவழியாகவோ தோன்றும். சுரம் ஏழனுள் எது என்பதைக் குறிப்பு கூறாமை ஒரு தளர்ச்சியே. விடை வேறு வகையால் உறுதிப்படும்போது மட்டுமே இதனை ஏற்கலாம்.

தமிழ் எண்குறிகள் இன்று அன்றாட வழக்கில் இல்லை என்பதும் கருதத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் உள்ள பொருள் எதுவாயினும் பயன்படுத்தலாம் எனக் கொண்டால், 'கவி' என்பதைக் குரங்கு எனவும் குறிக்கலாம். தற்கால அகராதியை எல்லையாகக் கொண்டால் அது இயலாது. இரண்டில் எதுவும் தவறன்று. ஆனால் ஒரு புதிர்வரிசை தன் எல்லையை முன்னரே அறிவிக்க வேண்டும். அறிவிக்காதபோது, படிப்பவரின் மொழியறிவன்றி அமைப்பாளரின் மனப்போக்கை ஊகிக்கும் ஆற்றலே சோதிக்கப்படுகிறது.

8. விளக்கத்தின் இலக்கணம்

விடைப்பட்டியல் வேறு; விளக்கம் வேறு. விடையை மட்டும் வெளியிடும் இதழ், கட்டம் நிரம்பியதா என்பதையே கூறுகிறது. ஏன் அதுவே விடை என்பதைக் கூறுவதில்லை. மறைகுறிப்புக்கு விளக்கம் இன்றியமையாதது. தமிழ் உரை மரபில் பதவுரை செய்யுளின் எச்சொல்லையும் விடாது பொருள் கூறுவது போல, மறைகுறிப்பின் விளக்கமும் எச்சொல்லையும் விடலாகாது. ஒரு சொல்லுக்கேனும் பணி கூற இயலாவிடில் குறை விளக்கத்தில் இல்லை, குறிப்பிலேயே உள்ளது.

நல்ல விளக்கம் ஐந்து செய்திகளை உணர்த்த வேண்டும் எனலாம்: பொருட்பகுதி எது, குறிகாட்டி எது, மூலச்சொல் எது, அலகு வரிவடிவமா ஒலியா, இணைப்பில் புணர்ச்சி உண்டாயின் எவ்விதியால். (ஈ) குறிப்பின் விளக்கம் இவ்வாறு அமையும்: 'ஒரு விளக்கு' பொருட்பகுதி, 'பகல்' மூலச்சொல், 'முதலில் மெய்மறந்த' குறிகாட்டி, அலகு ஒலி, ப் நீங்க அகல், புணர்ச்சி இல்லை. (எ) குறிப்பின் விளக்கம்: 'அரங்கில் காண்பது' பொருட்பகுதி; 'தேடு', 'மனம்' என்பன பொருளால் நாடு, அகம் என்பவற்றைக் குறிப்பன; அவை அடுத்து நிற்றலே இணைப்பு, ஆதலின் தனிக் குறிகாட்டி இல்லை; குற்றியலுகரம் கெட்டு நாடகம்.

இவ்வளவு நுணுக்கம் பொழுதுபோக்குக்கு வேண்டுமா என்னும் வினா எழலாம். விடையை அறிந்தபின் படிப்பவர் 'இது தோன்றாமல் போயிற்றே' என எண்ணினால் குறிப்பு வென்றது. 'இது எப்படித் தோன்றும்' என எண்ணினால் குறிப்பு தோற்றது. முன்னவர் மறுநாளும் முயல்வார்; பின்னவர் தமக்குத் தமிழ் போதாது என முடிவு செய்து விலகுவார். குறை தம் தமிழில் இல்லை, குறிப்பின் அமைப்பில்தான் என்பதை அவர் அறிய விளக்கம் ஒன்றே வழி.

9. முடிவுரை

மேற்கூறிய ஆய்விலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பொருட்பகுதி, சொற்பகுதி, மிகையின்மை என்னும் ஆங்கில விதிகள் மூன்றும் தமிழுக்கும் ஏற்புடையன. எழுத்து என்னும் அலகைப் பற்றிய அம்மொழியின் எடுகோள் தமிழுக்கு ஏற்புடையதன்று. தமிழில் வரிவடிவமே பொது அலகாக நிற்க, ஒலியலகு வேண்டுமிடத்து மெய், உயிர் முதலிய சொற்களால் அது குறிப்பிலேயே உணர்த்தப்பட வேண்டும். ஒரு குறிப்புக்குள் அலகு மாறலாகாது. புணர்ச்சியை விலக்க வேண்டியதில்லை. ஆனால் அது இலக்கணம் வகுத்த வழியே நிகழ வேண்டும். எழுத்துகளைத் தரும் மூலச்சொல் உருபால் திரியலாகாது.

இவ்விதிகள் எவையும் புதியன அல்ல. எழுத்ததிகாரம் கற்ற எவரும் இவற்றை அறிவர். புதிராளர் செய்ய வேண்டியது அந்த அறிவைக் குறிப்பில் காட்டுவதே. அவ்வாறு செய்யுமிடத்து, பிற மொழியில் வளர்ந்த ஒரு சொல்விளையாட்டு, மாணவர் மனப்பாடம் செய்து மறக்கும் புணர்ச்சி விதியையும் எழுத்துப் பாகுபாட்டையும் நாள்தோறும் பயன்படுத்திப் பார்க்கும் களமாக மாறக்கூடும்.